பித்தப்பை சோம்பினால் கல் சேரும்

மேல் வயிற்றில் வலி என்றால் சுங்கை சோ வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் முதலில் கேட்கும் வார்த்தை 'கேஸ்ட்ரிக்'. மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். ஆனால், எண்ணெய்ப் பலகாரமோ நாசி லெமாக்கோ சாப்பிட்டபின் வலது விலாவின் கீழ் பிடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வலி பித்தக்கல்லாக இருக்கலாம்.

கொழுப்பு அதிகமானால் கல் வரும் என்பது பலரும் அறிந்ததே. அது பாதி உண்மை. மறுபாதி பித்தப்பையின் தசையில் இருக்கிறது.

கல்லீரல் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி, கல்லீரலின் அடியில் உள்ள சிறு பையில் சேர்ந்து கெட்டிப்படுகிறது. அந்தப் பை கொள்வது 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். நாம் சாப்பிட்ட கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்ததும் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பர்க் இருவரும் 1928இல் கண்டறிந்தது இது. இந்த ஹார்மோன் வந்தவுடன் தசை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குத் தள்ளுகிறது.

தசை சரியாகச் சுருங்காவிட்டால் என்ன ஆகும்? தோட்டத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடாத இடத்தில் சேறு படிவதில்லையா? அதே கதைதான். தேங்கிய பித்தத்தில் கொழுப்புத் துகள்கள் பிரிகின்றன. சளி போன்ற பசை அவற்றைப் பிடித்துக்கொள்ள, முதலில் வண்டல், பிறகு கல். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பித்தத்தில் மிகுந்துள்ள கொலஸ்ட்ரால் தசைக்குள்ளும் ஊறி, ஹார்மோனுக்கு இணங்கும் சக்தியைக் குறைத்துவிடுகிறது. பை மேலும் சோம்பிப்போகிறது.

யாருக்கு இந்தச் சோம்பல் வரும்? கர்ப்பிணிகளுக்கு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் தசையைத் தளர்த்துகிறது. அப்போது சேரும் வண்டல் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் கரைந்துவிடும். நீண்ட கால இனிப்புநீர் நோய், பையை இயக்கும் நரம்புகளைப் பாதிக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. நம் சமூகத்தில் இது இன்னும் அதிகம்.

பட்டினியும் ஒரு காரணம். உணவு வராவிட்டால் பைக்குச் சுருங்கும் வேலையே இல்லை. வெறும் தேநீரோடு பால்மரம் வெட்டப் போன பழக்கம், இன்று பசியாறாமல் ஷிப்ட் வேலைக்குப் போவதாகத் தொடர்கிறது. திருமணத்துக்கு முன் சில வாரங்களில் பல கிலோ இளைக்க நினைப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. உடல் வேகமாக மெலியும்போது பித்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. பையோ அசையாமல் கிடக்கிறது.

ஆகவே, நேரத்தோடு பசியாறுங்கள். எடையைப் படிப்படியாகக் குறையுங்கள். சிறிதளவு நல்லெண்ணெயோ கடலையோ உணவில் இருக்கட்டும். இனிப்புநீரைக் கட்டுக்குள் வையுங்கள்.

வலி திரும்பத் திரும்ப வந்தால் கிளினிக்கில் சொல்லி வயிற்றை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வலி தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் வலியோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஓயாத வாந்தி சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், கணையமும் வீங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் கேஸ்ட்ரிக் மாத்திரை உதவாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் உயிரைக் காக்கும்.