திரையில் ஓடும் கோல்ஃப் கணக்கு

பதினெட்டுக் குழிகளையுடைய பரந்த புல்வெளியில், இருவரும் மூவருமாகப் பிரிந்து வெவ்வேறு வேளைகளில் புறப்படும் வீராங்கனைகள் அனைவரின் ஆட்டத்தையும் மைதானத்தில் நிற்பவர்கூடக் கண்ணால் காண இயலாது. ஆதலால், இணையத்தில் கணந்தோறும் மாறும் புள்ளிப் பட்டியலை வாசிக்கக் கற்றவரே போட்டியின் போக்கை முழுமையாக அறிவார் என்பது என் அபிப்பிராயம்.

அப்பட்டியலில் முதன்மையாகத் தெரியும் எண், அடித்த அடிகளின் மொத்தமன்று. ஒவ்வொரு குழிக்கும் மூன்று, நான்கு அல்லது ஐந்து அடிகள் என்று நிர்ணயித்துள்ள அளவுக்குப் 'பார்' என்று பெயர். அதில் ஓரடி குறைந்தால் 'பேர்டி', ஓரடி கூடினால் 'போகி'. ஆகவே இங்கே கழித்தல் குறியே கீர்த்தி. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் அதைக் காட்டுவது சம்பிரதாயம். எத்தனை குழிகள் முடிந்தன என்று சொல்லும் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனெனில், ஆட்டத்தை முடித்துவிட்டவரின் எண் இனி மாறாது, நான்கு குழிகள் மிச்சமுள்ளவருக்கோ ஏற்றமும் இறக்கமும் இன்னும் காத்திருக்கின்றன.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, கோல்ஃபையே அறியாத இந்தியர் பலர் இந்த எண்களைப் பிரார்த்தனையோடு பார்த்திருந்தனர். உலகத் தரவரிசையில் இருநூறாவது ஸ்தானத்திலிருந்த பெங்களூரு அதிதி அசோக், 67, 66, 68, 68 என நான்கு சுற்றுகளையும் முடித்துப் பாருக்குப் பதினைந்து குறைவாக நின்றார். இடையில் இடிமழை ஆட்டத்தை நிறுத்தியும் வைத்தது. பதினேழு குறைத்த நெல்லி கோர்டாவுக்குத் தங்கம். பதினாறு குறைத்த மோனே இனாமியும் லிடியா கோவும் வெள்ளிக்காக மறுபடி ஆட நேர்ந்தது. ஓரடியில் பதக்கம் தவறிய அந்தப் பதினைந்து, எந்தப் பதக்கத்துக்கும் குறையாத சாதனை என்றே நான் கருதுகிறேன்.

பெரிய போட்டிகளில் ஒவ்வொரு குழுவுடனும் நடந்து செல்பவர் கைக்கருவியில் பதிவு செய்யும் அடிகளே திரைக்கு வருகின்றன. ஆயினும் சட்டப்படி செல்லுபடியாவது வீராங்கனை கையொப்பமிடும் அட்டைதான். 1957-ல், நியூயார்க்கின் விங்கட் ஃபுட் மைதானத்தில், அமெரிக்க மகளிர் ஓப்பனை 298 அடிகளில் முடித்து முன்னணியில் நின்றார் ஹவாயின் ஜாக்கி பங். கடைசிச் சுற்றின் நான்காம் குழியில் அவர் எடுத்த ஆறு, அட்டையில் ஐந்தென்று பதிவாகியிருந்தது. மொத்தம் சரியாக இருந்தும், குழிக்கான எண் பிழையென்பதால் அவர் தகுதி இழந்தார். பட்டம் 299 அடிகள் எடுத்த பெட்ஸி ரால்ஸுக்குச் சென்றது. மனம் பொறாத கிளப் உறுப்பினர்கள் தமக்குள் நிதி திரட்டி, 3,000 டாலருக்கு மேல் பங்கின் கையில் கொடுத்தனர்.