இரண்டு நட்சத்திரமும் ஒரு பட்டையும்

ராணுவத்தில் யாருக்கு யார் மேலே என்று கேட்டால் தோளைப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்தாலும் குழம்பும். லெப்டினன்ட் தோளில் இரண்டு நட்சத்திரம். சுபேதார் தோளிலும் இரண்டு. சுபேதாருக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை கூடுதல். அந்தக் கூடுதல்தான் அவரைக் கீழே நிறுத்துகிறது.

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆன 23 வயதுப் பையன் பட்டாலியனுக்கு வந்து இறங்குகிறான். 45 வயது சுபேதார் விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார். அவரை வெறும் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டுவிட முடியாது. 'சாப்' சேர்த்தாக வேண்டும்.

வெள்ளைக்காரன் தன் வசதிக்குச் செய்த ஏற்பாடு இது. சிப்பாயின் பாஷையும் வீட்டு நிலவரமும் துரைக்குப் புரியாது. நடுவே நம் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. துரை போனார். சுபேதாருக்கு ஒரு படி கீழே இருந்த 'ஜமேதார்' 1965-இல் 'நாயிப் சுபேதார்' ஆனது. ஏற்பாடு மட்டும் அசையவில்லை. காலாட்படையில் பிளாட்டூனை நடத்துவது இன்றும் பெரும்பாலும் இந்தப் பட்டைக்காரர்கள்தான். 1962-இல் தவாங் பக்கம் சீனப் படையை எதிர்த்து நின்ற ஜோகிந்தர் சிங், சுபேதார். 1987-இல் சியாச்சினில் 21,000 அடி உயரத்துப் பனிச்சுவரில் ஏறிய பானா சிங், நாயிப் சுபேதார். இருவருக்கும் பரம்வீர் சக்ரா.

வேலூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். லங்கரில், அதாவது படையின் சாப்பாட்டுக்கூடத்தில், ஒருவன் பாதித் தட்டோடு எழுந்தால், ஊரிலிருந்து ஏதோ சேதி வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். அன்று இரவு அவனைக் காவலுக்குத் துப்பாக்கியோடு தனியே அனுப்ப மாட்டாராம். இதை எந்த அகாடமியில் சொல்லித் தருவார்கள்?

என் கவலை இங்கேதான். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று ஏறி இந்தப் பட்டையை எட்டச் சுமார் 20 ஆண்டுகள் பிடிக்கும். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவருக்கு நான்கே ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர முடியும். படை இளமையாகும் என்கிறார்கள், ஆகட்டும். ஆனால் நாளைய சுபேதாரை அந்தக் கால்வாசிப் பேரிலிருந்துதான் பொறுக்கியாக வேண்டும். நான்காம் ஆண்டு வேலை நிலைக்குமா என்று பக்கத்துக் கட்டில்காரனோடு போட்டி போட்டவன், அவன் தட்டைக் கவனித்திருப்பானா?

2023-இல் பயிற்சிக்குப் போன முதல் அணியிலிருந்து ஒரு நாயிப் சுபேதார் வர, எப்படியும் 2040-ஐத் தாண்டிவிடும்.