மீட்டரைத் தொடாமலே குறையும் கிலோமீட்டர்

12 அங்குல ரிம்மோடு வந்த சின்ன கார்கள் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன. வண்டி கொஞ்சம் கம்பீரமாகத் தெரியட்டுமே என்று 13 அங்குல அலாய் வீல் போட ஆசைப்படாதவர்கள் குறைவு. "ஒரு இன்ச்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்பார் டயர் கடைக்காரர்.

145/80 ஆர்12 டயரின் விட்டம் சுமார் 537 மில்லிமீட்டர். அதே 145/80-ஐ ஆர்13-இல் போட்டால் 562. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கார் முன்பைவிட 8 சென்டிமீட்டர் கூடுதலாக நகரும். சென்சார் எண்ணுவதோ சுற்றுகளை மட்டும்தான். 80 கிலோமீட்டர் என்று அது கணக்குப் போடும்போது வண்டி 84-ஐ நெருங்கியிருக்கும். (155/65 ஆர்13 என்று கேட்டு வாங்கினால் விட்டம் 532, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட வராது. கேட்பவர்கள்தான் இல்லை.)

ஸ்பீடு கேமரா, அபராதம் என்று வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிய கவலையாகத் தெரியவில்லை. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது; கூட்டிக் காட்டுவதானால் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை போகலாம் என்கிறது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி. அதனால் தயாரிப்பாளர்கள் முள்ளைச் சற்றுத் தூக்கியே வைப்பது வழக்கம். பெரிய டயர் அந்த உபரியைத்தான் தின்கிறது. "இப்பதான் முள்ளும் ஜிபிஎஸ்ஸும் ஒண்ணாப் போகுது" என்று அலாய் பிரியர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

ஆனால், ஓடோமீட்டரில் பொதுவாக அவ்வளவு உபரி வைப்பதில்லை. அங்கேதான் சங்கடம். பெரிய டயரிலேயே ஓடி மீட்டர் 60,000 காட்டினால், வண்டி உண்மையில் 62,800-ஐத் தாண்டியிருக்கும். ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டிக்கு 19 என்று கணக்கு வரும். திட்டு வாங்குவது பெட்ரோல் பங்க். பின்சக்கரத்துக்கு மட்டும் கொழுத்த டயர் போடும் பைக் இளைஞர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய பைக்குகள் பலவற்றில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்துதான் வருகிறது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. விற்பதற்கு முன் அலாயைக் கழற்றித் தனியாகக் காசாக்கிவிட்டு, மாடியில் கிடந்த பழைய ரிம்களை மாட்டிவிடுபவர்கள் உண்டு. மீட்டரில் யாரும் கைவைக்கவில்லை. விற்பவருக்கே விஷயம் தெரிந்திருக்காது. சர்வீஸ் ரெக்கார்டைப் புரட்டியும் பயனில்லை. அதே மீட்டரைப் பார்த்து எழுதியதுதானே அது!

டயர் வாங்கிய பழைய பில்லைக் கேளுங்கள். அதில் அளவு இருக்கும். கம்பெனி அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணின் ஸ்டிக்கரிலோ வண்டிக் கையேட்டிலோ கிடைக்கும். பில்லில் 145/80 ஆர்13 என்று இருந்தால், மீட்டர் காட்டுவதோடு நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.