சனாதனி: நல்ல பெயரா, கெட்ட பெயரா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை கம்போங் ராஜாவில் ஒளிப்பதிவு முடித்து, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நான் வெள்ளிக்கிழமை விளக்கேத்துறேன், விரதம் இருக்கேன். அதுக்கு என் பேரன், ‘நீங்க ஒரு சனாதனி பாட்டி’ன்னு சொல்லிட்டுப் போறான். அது நல்ல பேரா, கெட்ட பேரா?”

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. கேள்வி சின்னதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாழ்க்கை உண்டு.

பெருமையாகச் சூடிய பெயர்

‘சனாதனம்’ என்றால் என்றும் உள்ளது என்று பொருள். சொல் பழையது. அது ஓர் அணியின் பெயரானது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1875-இல் பம்பாயில் ஆரிய சமாஜத்தைத் தொடங்கிய தயானந்த சரசுவதி, உருவ வழிபாட்டை மறுத்தார். அவரை எதிர்த்து மரபைக் காக்கக் கிளம்பியவர்கள் தங்களைச் சனாதனிகள் என்று அழைத்துக்கொண்டார்கள். அதாவது, பிறர் ஒட்டிய பட்டம் அல்ல, அவர்களே சூடிக்கொண்ட பெயர்.

காந்தியடிகளும் 1921-இல் தம்மைச் சனாதன இந்து என்றே எழுதினார். ஆனால் தீண்டாமையை அவர் ஏற்கவில்லை. 1933-34-இல் அவர் தீண்டாமைக்கு எதிராக நாடு முழுவதும் சுற்றியபோது, கறுப்புக் கொடி காட்டியவர்களும் சனாதனிகள்தான். ஒரே பெயரை எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவர்கள் பயன்படுத்தினார்கள்.

கோயில் வாசலில்

தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்குக் கோயில் வாசலில் வேறு பொருள் ஏறியது. 1939 ஜூலை 8-இல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று சனாதனிகள் கொதித்தார்கள். அழைத்துச் சென்றவரும் பிராமணர் என்பதைக் கவனியுங்கள். அன்று ‘சனாதனி’ என்பது பிறப்பைக் குறிக்கவில்லை. சாமி கும்பிடுவதையும் குறிக்கவில்லை. யாரை உள்ளே விடலாம் என்ற கேள்விக்கு ஒருவர் சொன்ன பதிலைக் குறித்தது.

கடல் கடந்தபோது

நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929-இல். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். நம் தோட்டப்புறங்களிலும் சாதி பார்க்கும் பழக்கம் இருந்தது. சீர்திருத்தவாதிகள் அதை எதிர்த்தார்கள். மலாய்க்காரர்களிடையேயும் ஏறக்குறைய அந்தக் காலத்தில் ‘காவும் மூடா’, ‘காவும் துவா’, அதாவது இளைய அணி, மூத்த அணி என்ற பிரிவு இருந்தது. அங்கும் வயது அல்ல, சமயச் சீர்திருத்தம் பற்றிய கருத்தே பிரித்தது.

நம்மைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் வாழும் டிரினிடாட்டிலோ கதை வேறு. 1952-இல் அங்கே உருவான சனாதன தர்ம மகா சபை, பெரும்பான்மை இந்துக்களின் அமைப்பாகவே வளர்ந்து பள்ளிக்கூடங்களைக் கட்டியது. அங்கு ‘சனாதனி’ என்றால் சாதாரண இந்து என்றுதான் பலருக்கும் பொருள்.

இரண்டு காதுகள்

2023 செப்டம்பர் 2-இல் சென்னையில் நடந்த மாநாட்டில், சனாதனத்தை ஒழிக்க வேண்டும் என்று அப்போதைய அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் பேசியதும் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆதரித்தவர்கள் காதில் அது சாதி ஏற்றத்தாழ்வு என்று விழுந்தது. எதிர்த்தவர்கள் காதில் இந்து சமயம் முழுவதும் என்று விழுந்தது. மதுரை வாசலை நினைத்துக் கேட்டவருக்கு ஒரு பொருள், வீட்டுப் பூசையறையை நினைத்துக் கேட்டவருக்கு இன்னொரு பொருள். பேரனின் கைத்தொலைபேசிக்கு அந்தச் சொல் வந்தபோது, அதன் வரலாறு உடன் வரவில்லை.

அன்று பாட்டியிடம் ஒன்றைக் கேட்டேன். “உங்க அப்பா ஊர்ல கோயிலுக்குப் போவாரா பாட்டி?”

“எங்கம்மா விட்டாங்க? தெருவோட நின்னு கும்பிட்டதாச் சொல்வாரு. இங்க வந்துதான் தோட்டத்து மாரியம்மனைக் கிட்ட நின்னு பாத்தாராம்.”

சனாதனி என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள் சாத்திய கதவுக்கு வெளியே நின்றவரின் மகள், இன்று விளக்கேற்றியதற்காக அதே பெயரை வாங்கிக்கொள்கிறார்! பேரன் கெட்ட பிள்ளை இல்லை. தன் கொள்ளுத்தாத்தாவுக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஒரு செய்தி கிடைத்தால் யார் சொன்னது, யாரைச் சொன்னது, எப்போது சொன்னது என்று கேள். பட்டப்பெயருக்கும் அதுவே பொருந்தும். ஒருவரைச் சனாதனி என்று சொல்லும் முன், எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வோம். சொன்னவரை எதிர்க்கும் முன்பும் அதையே கேட்போம்.

பாட்டிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “பேரனை உக்கார வச்சு, உங்க அப்பா கதையைச் சொல்லுங்க பாட்டி. அப்புறம் அந்தப் பேரு உங்களுக்குப் பொருந்துதான்னு அவனையே கேளுங்க.”