தங்க டிபன் கேரியரில் சாப்பிட்ட திருடன்!
ரூ.218 கோடி நிஜாம் நகை பெட்டகத்தில்... ஜனங்கள் பார்ப்பது எப்போது?

ராஜா வீட்டுத் தங்க டிபன் கேரியரில் திருடன் சாப்பிட்ட கதை தெரியுமா?

ஐதராபாத் புரானி ஹவேலி, நிஜாம் வம்சத்தின் பழைய அரண்மனை. அதில் ஒரு பகுதி 2000-ம் ஆண்டு மியூசியம் ஆனது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகானுக்கு வெள்ளி விழாவில் வந்த பரிசுகள் அங்கே இருக்கின்றன. சீட்டு வாங்கினால் யாரும் பார்க்கலாம்.

2018 செப்டம்பரில் ஒரு ராத்திரி. வெண்டிலேட்டர் வழியாகக் கயிறு கட்டி இறங்கினான் ஒரு ஆசாமி. கூட்டாளி மேலே காவல். வைரம், மாணிக்கம், மரகதம் பதித்த தங்க டிபன் கேரியர், கப்-சாசர், ஸ்பூன்... எல்லாம் 'அபேஸ்'!

இருவரும் நேரே மும்பை போய் பெரிய ஓட்டலில் ரூம் போட்டார்கள். ஒருவன் அந்த டிபன் கேரியரில்தான் சாப்பிட்டானாம். போலீசார் சொன்ன சங்கதி இது! பத்து நாளுக்குள் இருவரும் பிடிபட்டனர். பொருள்களும் திரும்பக் கிடைத்தன.

பேப்பர் வெயிட் வைரம்

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைப் பாருங்கள்.

நிஜாமின் பொக்கிஷ நகைகள் 173. தலைப்பாகையில் சூட்டும் ஆபரணங்கள், மரகதங்கள், 465 முத்து கோத்த ஏழு சர மாலை... அம்மாடி! அத்தோடு 184.75 காரட் ஜேக்கப் வைரம். அப்பாவின் பழைய செருப்புக்குள் அகப்பட்ட அதை, உஸ்மான் அலிகான் பேப்பர் வெயிட்டாக வைத்திருந்தாராம்!

பல வருஷம் கோர்ட்டு வழக்கு நடந்தது. கடைசியில் 1995-ல் மத்திய சர்க்கார் சுமார் ரூ.218 கோடி கொடுத்து வாங்கியது. அதாவது, உங்கள் பணம், என் பணம்! நகைகள் போன இடம்? மும்பை ரிசர்வ் பாங்க் பெட்டகம்.

அதன் பிறகு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது விரல் விட்டு எண்ணும் தடவைதான். 2019 பிப்ரவரியில் டெல்லி தேசிய மியூசியத்தில் வைத்தார்கள். கூட்டம் பார்த்தது. கண்காட்சி முடிந்ததும் பழையபடி பெட்டகம்!

மந்திரி வீட்டுக் கடிகாரம்

அதே ஐதராபாத்தில் சாலார்ஜங் மியூசியம் இருக்கிறது. நிஜாமின் திவானாக இருந்த மூன்றாம் சாலார்ஜங் சேர்த்த பொருள்கள். 1951-ல் திறந்தார்கள். அங்குள்ள கடிகாரத்தில் மணிக்கு மணி ஒரு பொம்மை வந்து மணியடிக்கும். அதைப் பார்க்கவே குழந்தை குட்டியோடு ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள்.

மந்திரி சேர்த்ததைப் பார்க்க முடிகிறது. ராஜா நகையை மட்டும் பார்க்க முடியவில்லை!

"வெளியே வைத்தால் திருட்டுப் போகுமே" என்பார்கள். நியாயம்தான். டிபன் கேரியர் போன கதையே சாட்சி. ஆனால் லண்டன் டவரில் ராணி கிரீடத்தைக் கண்ணாடிக்குள் வைத்து, காவல் போட்டு, ஊருக்கே காட்டவில்லையா?

நல்ல பூட்டு, நல்ல காவல், ஐதராபாத்திலேயே ஒரு நிரந்தர அறை. அவ்வளவுதான் கேட்கிறார்கள் அந்த ஊர் ஜனங்கள்.

திருடன் கையில் சிக்கிய டிபன் கேரியர் கூட மியூசியத்துக்குத் திரும்பிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய நகை எப்போது திரும்பும்?