பழைய வண்டியின் பின்புறத்தைத் தணிக்கலாமா?

பழைய மோட்டார் வண்டியைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, துடைத்து மினுக்கி, வாசலில் நிறுத்திப் பார்க்கும் அன்பருக்கு முதலில் உறுத்துவது அதன் பின்புறந்தான். தண்ணீர் குடிக்கக் குனிந்த மாட்டைப்போல் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கும். இரண்டு அங்குலம் தணித்துவிட்டால் என்ன என்ற யோசனை அப்போது பிறக்கிறது. மதுரைப் பட்டறைகளில் அதைச் செய்யக் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. செய்யலாமா என்பதே கேள்வி.

அந்த உயரம் வீணுக்கு வந்ததன்று. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு 'டி' மாதிரி வண்டி, மேடு பள்ளமான கிராமப் பாதைகளைக் கடப்பதற்காகவே தரையிலிருந்து சுமார் 10 அங்குலம் உயர்த்தி அமைக்கப்பட்டது. நம் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழையில் பதிந்த மாட்டு வண்டித் தடம் வெயிலில் கல்லாக இறுகிவிடும். ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் விட்ட காலத்தில், லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் பொருத்திய வண்டியை ரஸ்தாவில் ஓட்டச் செய்தார் என்பர். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது அடுப்புக்கரி வாயுவால் பஸ்கள் ஓடின. பின்னால் தொங்கிய அந்த உலையின் பாரத்தையும் பின்வில்லே சுமந்தது.

ஆகவே முதலில் ஆராய வேண்டியது, இப்போதுள்ள உயரம் பிறவி உயரந்தானா என்பது. நெல் மூட்டைக்கும் கல்யாணக் கூட்டத்துக்கும் அஞ்சி, முன்னிருந்த சொந்தக்காரர் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகியிருக்கக் கூடும். அப்படியானால் அதைக் கழற்றிப் பழைய கணக்குக்குக் கொண்டுவருவது நியாயமே. கணக்குக்குள் இருக்கும் பட்டையைக் கழற்றுவது வேறு விஷயம். எஞ்சிய பட்டைகள் அதிகப் பாரம் சுமந்து சோர்ந்துபோகும். ஒருநாள் நடுவழியில் முறியும். பட்டையை உலையில் காய்ச்சித் தட்டி நிமிர்த்துவது அதைவிடக் கேடு. எஃகின் பதம் போய்விடும். சூடேற்றாமல், வில் வேலை அறிந்தவரிடம் அழுத்தியின் கீழ் வைத்து வளைவைக் குறைப்பதே முறை. அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வில் அச்சின் கீழே கட்டப்பட்டிருந்தால்தான் வண்டி தணியும், அச்சின்மேல் அமர்ந்திருந்தால் கட்டை வைக்க வைக்க வண்டி இன்னும் உயரும்!

சட்டத்தையும் மறக்கலாகாது. 2021 ஜூலையில் இந்திய சர்க்கார் வெளியிட்ட விதிப்படி, 50 வருஷங்களுக்கு மேற்பட்ட வண்டி மூல வடிவத்தில் இருந்தால்தான் தொன்மை வாகனமாகப் பதிவாகும். சட்டகம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. வில்லைப் பெயர் சொல்லி விதி தடுக்கவில்லைதான். ஆனால் தணித்த பிறகு அச்சு இடிக்கிறதென்று சட்டகத்தை வெட்டத் தொடங்கினால், பதிவுக்குரிய தகுதியே போய்விடும்.

எப்படியானாலும் அளவெடுக்குமுன், அழகர் கோவிலுக்குப் புறப்படுவதுபோல் குடும்பத்தார் அனைவரையும் ஏற்றி உட்கார வையுங்கள். வெறும் வண்டியில் தூக்கலாகத் தெரிந்த பின்புறம் அப்போது பெரும்பாலும் சமமாகிவிடும். அதற்குப் பிறகும் தணித்தே தீரவேண்டுமென்றால், யூ போல்ட்டுகளைச் சில நூறு மைல் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள். முன்விளக்குகளையும் திருத்தி வையுங்கள். பின்புறம் தணிந்தால் விளக்கு மேல்நோக்கும். அருப்புக்கோட்டை ரஸ்தாவில் எதிரே வருபவருக்குக் கண் கூசும்.