உப்புத்தான் எதிரி
யாழ்ப்பாணத்து வாகனங்கள் – 11

குடாநாடு தட்டை நிலம். ஏறுவதற்கு மலையும் இல்லை, இறங்குவதற்குப் பள்ளத்தாக்கும் இல்லை. இங்கே ‘ஃபோர் வீல்’ எதற்கு என்று கேட்பவர்கள் மாரி காலத்தில் ஒருதடவை வடமராட்சி கிழக்குக்குப் போய் வரவேண்டும். மணற்காட்டில் தார் வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் சாதாரண வான் சில்லு பாதி புதைந்து நின்றுவிடும். கரையில் மீன் ஏற்றுகிறவருக்கும், தரவை வெளியைக் கடந்து வயலுக்குப் போகிறவருக்கும், முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கும் நாலு சில்லும் இழுக்கிற வாகனம் ஆடம்பரம் அல்ல, தொழிற்கருவி.

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமை அவற்றுக்குத் தகும். ஆனால் அவை பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையில் நின்று, கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் ஓடிய வாகனங்கள். உப்புக்கும் சேற்றுக்கும் முகம் கொடுத்து இருபது முப்பது வருடம் தாக்குப்பிடித்த ஜீப்புகளையும் பிக்கப்புகளையும் பற்றி எழுத ஆளில்லை. அவற்றை வைத்திருந்தவர்களின் அனுபவம் வேறு மாதிரியானது.

லான்ட் ரோவரிலிருந்து தொடங்கலாம். 1948 இல் அது இங்கிலாந்தில் பிறந்தபோது அங்கே உருக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டால் செய்தார்கள். செசி மட்டும் உருக்கு. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் அது நெடுங்காலம் உழைத்தது. கறள் பிடிக்காத உடல் என்ற பெயர் அதற்கு உண்டு. பழைய லான்ட் ரோவர் வாங்கப் போகிறவர் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான். மேலே பெயின்ற் பளபளக்கும், கீழே செசி உக்கியிருக்கும். போதாததற்கு, அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும்.

நெல்லியடிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் பழைய வாகனம் பார்க்கப் போகும்போது சின்னச் சுத்தியல் ஒன்றைத்தான் கொண்டுபோவார். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணச் சொல்லமாட்டார். வாகனத்துக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, செசியைப் பின்பக்கமிருந்து முன்பக்கம் வரை தட்டிக்கொண்டு வருவார். நல்ல உருக்கு கணீரென்று கேட்கும். உள்ளே உக்கிப்போன இடம் ‘பொத்’ என்று கேட்கும். புதிதாகப் பூசிய தாருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிடும். “எஞ்சின் போனா வேற எஞ்சின் போடலாம் தம்பி. செசி போனா வாகனமே போட்டுது” என்பார். குடாநாட்டில் ஃபோர் வீல் வாங்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபிறகு பெற்றோல், டீசல் மட்டுமல்ல, பற்றரி, ரயர், உதிரிப்பாகங்கள்கூட குடாநாட்டுக்கு வரமுடியாத பொருள்களாயின. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய எஞ்சின்களின் தாழ்ந்த அமுக்கம் அதற்கு இடம் கொடுத்தது. லான்ட் ரோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் ஏறத்தாழ 7:1 அமுக்கம் கொண்டதுதான். டீசல்காரருக்குச் சங்கடம் கூட. டீசல் பம்புக்கு எண்ணெய்ப்பசை கொடுப்பதே அதற்குள் ஓடுகிற டீசல். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது. அதனால் ஒயில் கலந்தார்கள். பிழைத்த பம்பும் உண்டு, தேய்ந்து போனதும் உண்டு. உதிரிப்பாகம் இல்லாத இடத்தை லேத் பட்டறைகள் நிரப்பின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் கொம்படி–ஊரியான் வழியே கடல்நீரேரிக்குள் இறங்கிப் போன உழவு இயந்திரங்களை அந்தத் தலைமுறை மறக்காது. உப்புநீர் கண்ட இயந்திரத்துக்கு ஆயுள் குறைவு என்ற பாடம் அப்போதே படித்ததுதான்.

அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பஜிரோ என்றால் இயக்கம், வெள்ளை லான்ட் குரூசர் என்றால் செஞ்சிலுவைச் சங்கம். பெயரும் புகழும் அப்படியே மனதில் தங்கிவிட்டன. பின்னாளில் பலர் இவற்றை வாங்கியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் நீண்டகால உழைப்பில் இரண்டும் ஒன்றல்ல. 1990 இல் வந்த 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர் 1எச்இசட் எஞ்சின் போட்ட லான்ட் குரூசரில் டேர்போ இல்லை. வேகம் குறைவு, சாப்பாடு கூட. ஆனாலும் ஒயிலும் ஃபில்ட்டரும் நேரத்துக்கு மாற்றினால் அலுக்காமல் உழைக்கும். பஜிரோவிலும் டெலிக்காவிலும் இருந்த 4டி56 எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உலகம் முழுவதும் தெரிந்தது: சூடு ஏறினால் ஹெட் வெடிக்கும். பழைய ஹைலக்ஸின் 2எல் எஞ்சினிலும் இதே குறை.

இங்கேதான் யாழ்ப்பாணத்து மண்ணின் பங்கு வருகிறது. நமது நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலுக்குள் வெள்ளைப் படை படிவதை ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் பார்க்கலாம். அதே தண்ணீரைத்தான் பலர் றேடியேற்றருக்குள் விடுகிறார்கள். உள்ளே குழாய்கள் மெல்ல மெல்ல அடைபடும். ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஏ9 வீதியில் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, வெயிலில், சூடு ஏறிவிடும். ஹெட் வெடித்தபின் “யப்பான்காரன்ர எஞ்சின் சரியில்லை” என்று திட்டுவோம். எஞ்சினில் பலவீனம் இருந்தது உண்மைதான், அதற்கு வழி திறந்துவிட்டது நமது கிணற்றுத் தண்ணீர். கூலன்ற் வாங்க வசதியில்லாதவர்கள் மழைத்தண்ணீரையாவது வடித்துச் சேர்த்து வைத்துப் பாவிக்கலாம்.

ஃபோர் வீலுக்கே உரிய இன்னொரு வியாதி இருக்கிறது. முன்பக்க டிபரன்சியலும் ஹப்பும் மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடப்பவை. சும்மா கிடந்தால் ஒயில் சீல் காய்ந்து வெடிக்கும். ஓடிச் சூடான டிபரன்சியலோடு தண்ணீருக்குள் இறங்கினால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மருதங்கேணிப் பக்கம் மீன் ஏற்றும் ஒரு ஹைலக்ஸின் முன் டிபரன்சியலைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். அடிக் கட்டையைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர். பிறகு வந்த ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் பொடி இரும்பு நறநறவென்றது. பெயரிங் இரண்டும் தின்றுபோயிருந்தன. வாகனத்துக்காரருக்கு நம்பமுடியவில்லை. “ஃபோர் வீல் போட்டே கனகாலம் ஐயா, அது எப்பிடிப் பழுதாகும்?” என்று கேட்டார். போடாமல் விட்டதும் ஒரு காரணம்தான்.

மீன் ஏற்றும் வாகனங்களுக்கு மேலிருந்தும் ஆபத்து. ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் தட்டின் இடுக்குகளால் செசிக்கு மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். வீதியில் ஆயிரக்கணக்கான மைல் ஓடுவதைவிட இந்தச் சொட்டு கெடுதலானது. ஆகவே மைல்மீற்றரைப் பார்த்து இங்கே வாகனம் வாங்குவதில் அர்த்தமில்லை. அது எங்கே நின்றது, என்ன ஏற்றியது என்றுதான் விசாரிக்கவேண்டும்.

2009 க்குப் பிறகு லீசிங்கில் புதிய டபிள் கப்கள் நிறைய வந்தன. ஓட்டச் சுகமானவை. ஆனால் இவற்றின் கொமன் ரெயில் இன்ஜெக்ரர்கள் மிகப்பெரிய அழுத்தத்தில் வேலை செய்பவை. பரலில் வைத்து ஊற்றிய டீசலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தாங்காது. பழைய பம்பை ஊர் மெக்கானிக் பிரித்துப் பூட்டுவார். இதற்குக் கணினி வேண்டும், சில நேரம் கொழும்புக்கே அனுப்பவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைப்பட்ட வருடங்களில் ஒரு வாகனம் பழுதானால் வேறொன்று வாங்குவது சாதாரண குடும்பத்தால் முடியாத காரியமாக இருந்தது. எளிதாகத் திருத்தக்கூடிய பழைய வாகனத்தின் அருமை அப்போது தெரிந்தது. என்னைக் கேட்டால், கடலோரத்தில் தொழிலுக்கு எடுப்பவர் டேர்போவும் கணினியும் இல்லாத எஞ்சினைத் தேடுவதே புத்தி.

வடமராட்சி கிழக்கிலும் தீவுகளிலும் தென்மராட்சித் தரவையிலும் ஃபோர் வீல் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடற்கரையிலிருந்து வந்த அன்றே வாகனத்தின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மாதம் ஒருமுறை மணலில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்சத் தூரம் ஓடுங்கள். தார் வீதியில் போடவேண்டாம், அது கியர்ப்பெட்டியை முறுக்கும். மாரி முடிந்ததும் முன், பின் டிபரன்சியல் இரண்டிலும் ஒயிலைத் திறந்து நிறம் பாருங்கள். கலங்கியிருந்தால் அன்றே மாற்றுங்கள். ஒயிலுக்குச் செலவாவது டிபரன்சியலுக்குச் செலவாவதில் ஒரு சிறு பங்குகூட வராது.

(அடுத்த வாரம்: லான்ட்மாஸ்டர்)